பிஸ்தா பச்சை

பெயிண்ட் வேலை முடிந்த அன்று
எதிர்வீட்டுக் கோதண்டன் மாடிப்படியில் ஏறி நின்று
எங்கள் வீட்டை நாங்களே பார்த்தோம்.
சுவர் முழுக்கப் பிஸ்தா பச்சை.
நட்ட நடுவில் வெள்ளையாய் பிளக் பெட்டி.
"ஷேவ் பண்ணிட்டு பிளாஸ்திரி ஒட்டின மாதிரி இருக்குது"
என்றார் ஏகாம்பரம்.
பதினாறு வருடமாக அங்கேதான் இருக்கிறது.
அன்றுதான் பார்த்தார்.

தண்டையார்பேட்டையில் எங்கள் சந்துக்கு
ஒரு மீன்பாடி வண்டி அகலம்.
கடல் பக்கமிருந்து வரும் காற்று
எந்த ஸ்க்ரூவையும் விட்டுவைப்பதில்லை.
பெட்டிக்குக் கீழே நாலு பழுப்புக் கோடு,
யாரோ வெற்றிலை துப்பியதுபோல்,
புதுப் பெயிண்ட்டிலும் ஒரே வாரத்தில் இறங்கியது.

டில்லிபாபு வந்தான், காதில் பென்சிலோடு.
"கீழ எறக்கிடலாங்கா.
முட்டிக்குக் கீழ வச்சா யார் கண்ணுக்கும் தெரியாது."
"டிசம்பர் தண்ணிக்குத் தெரியும்" என்றேன்.
வெள்ளம் நின்ற கோட்டைக் காட்டலாமென்றால்
அதன்மேலும் பச்சை.
என் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன்.
அவன் பென்சில் இன்னும் ஒரு சாண் மேலே போனது.

மழைத்தண்ணிக் குழாய்க்குப் பின்னால்
சுவரை வெட்டிப் பெட்டியை உள்ளே இறக்கினான்.
சிமெண்ட் பூசி மட்டம் பார்த்தான்.
துருப்பிடிக்காத ஸ்க்ரூ, ரப்பர் வளையம்,
தண்ணீர் வடிய அடியில் ஒரு ஊசித்துளை.
மூடியை உப்புத்தாளில் தேய்த்து
மிச்சமிருந்த பச்சையை இரண்டு கோட் அடித்தான்.
ஏகாம்பரம் மறுபடி எதிர்ப்படி ஏறினார்.
போகிற வருகிற பிள்ளைகளை நிறுத்தி
"எங்க இருக்குது சொல்லு பாக்கலாம்" என்றார்.

மீன் வறுக்கிற தனபாக்கியத்துக்கும் தெரியவில்லை.
சாயங்காலம் பல்பு வயரைக் கையில் சுற்றிக்கொண்டு
சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள்.
"இன்னா, கரண்ட்டுக்கும் கலர் அடிச்சிட்டீங்களா?"
அவளே சிரித்தாள். திரும்பிப் போனாள்.
அன்றிரவு சிம்னி விளக்கில் வஞ்சிரம் வறுபட்டது.
கண்ணில் படாததை யாரும் கேட்கமாட்டார்கள் என்று
அவர் நினைத்திருக்கலாம்.
நானும் நினைத்தேன்.
அதை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் ராத்திரி இரண்டரைக்கு
கோதண்டனை ஸ்டான்லியிலிருந்து கொண்டுவந்தார்கள்.
பின்னாலேயே டாட்டா ஏஸில் ஐஸ் பெட்டி.
அந்த வரிசை வீடுகளில் ஒரு ஃபேஸ் இல்லை.
பெட்டியோடு வந்த பையன்
பிளக்கைக் கையில் பிடித்து நடுச்சந்தில் நின்று
"கரண்ட் எங்க?" என்றான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
எல்லோரும் எங்கள் சுவரைப் பார்த்தார்கள்.

குழாய்க்குப் பின்னால் கைவிட்டேன்.
மூடி வரவில்லை.
பெயிண்ட் காய்ந்து ஓரமெல்லாம் ஒட்டியிருந்தது.
செல்போன் வெளிச்சத்தை யாரோ தோளுக்கு மேல் பிடித்தார்கள்.
நகத்தால் கீறினேன், கீறினேன்,
பச்சை தோலாக உரிந்து வந்தது.
சொருகியதும் பெட்டி ஒருமுறை குலுங்கி
மெல்ல உறுமத் தொடங்கியது.
கோதண்டன் மனைவி அதுவரை அழவில்லை.

விடிந்தபோது வயர்
சந்தின் குறுக்கே கணுக்கால் உயரத்தில் கிடந்தது.
பால்காரர் சைக்கிளைத் தூக்கித் தாண்டினார்.
கேன் தண்ணீர்ப் பையன் தாண்டினான்.
மாலை போட வந்தவர்கள் வேட்டியைப் பிடித்துத் தாண்டினார்கள்.
எல்லோருக்கும் டீ கொடுத்தேன்.
என் நகக்கண்ணில் பிஸ்தா பச்சை.

ஏகாம்பரம் மட்டும் மத்தியானம்
மீட்டரின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.
எண்ணைப் பார்த்தாரா தெரியாது.
உள்ளே போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தேடி எடுத்து
பந்தல் லைட்டுக்கும் அதிலேயே கொடுத்தார்.

காரியம் முடிந்தது. டின்னில் கால்வாசி பச்சை இருக்கிறது.
உரிந்த இடத்தில் ஒரு கை பூசச் சொன்னார்.
ஆகட்டும் என்றேன். ஞாயிறு போய்
இன்னொரு ஞாயிறும் போனது.

இன்று ஆறேகாலுக்கே தனபாக்கியம் வந்தாள்.
குழாய் ஓரம் குனிந்தாள்,
நகமளவு வெள்ளையைக் கண்டு பல்பைச் சொருகினாள்.
"இப்பதாண்டி தெரியுது" என்றாள்
எண்ணெய் காய்கிறதா என்று பார்த்துக்கொண்டே.