இடது முதலில்

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் அஜிதா சொல்லித் தந்தது
ஒரே ஒரு விதி.
போடும்போது இடது முதலில்,
கழற்றும்போது இடது கடைசியில்.
நல்ல கை காத்திருக்கட்டும், அதற்குப் புரியும்.

சரிதான் மக்களே.
கல்யாணப் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து
பாயசம் மூன்று தடவை வாங்கி
கடைசி ஆளாக எழும்புகிற
மாப்பிள்ளையின் சித்தப்பா போல
இனி இந்தக் கை.
ஒரு வேலையும் செய்யாது.
மரியாதை மட்டும் குறையக் கூடாது.

எட்டு மாதம் நைட்டி.
ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் சேலை.
அன்றைக்கு ரப்பர் வெட்டு முடிந்து
நெற்றி விளக்கை அணைக்கக்கூட மறந்து
தாசையன் ஓடி வந்து உடுத்தி விடுவார்.
விரலில் காய்ந்த பால்
என் தோளில் இழை இழையாய் உரியும்.
இருபத்தாறு வருஷத்தில்
அத்தனை வெளிச்சத்தில் அவர் என்னைப் பார்த்ததில்லை.
நான் கண்ணை மூடிக்கொள்வேன்.
அவரும் மூடிக்கொண்டுதான் போடுவார் போல.
எப்போதும் ஒரு ஹூக் தப்பி நிற்கும்.

நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன்.
கடையில் உடுத்துகோலின் விலையைக் கேட்டுவிட்டு
அவரே ஒன்று செய்தார்.
ஒன்றரை முழ மூங்கில்,
மரத்தில் சிரட்டை கட்டுகிற கம்பியை வளைத்து
நுனியில் கொக்கி,
குத்தாமலிருக்க அதை ரப்பர் பாலில் மூன்று முறை முக்கி
அடுப்புக்கு மேலே உணக்கி.

குலசேகரத்தில் ஃப்ளோரி டெய்லர்
ஜாக்கெட் ஹூக்கெல்லாம் பிடுங்கி வெல்க்ரோ வைத்தாள்.
சேலையை மடிப்போடு தைத்து இடுப்புக்கு இலாஸ்டிக் கொடுத்தாள்.
"யாருக்கும் தெரியாதுக்கா,
பிரிக்கும்போ கொஞ்சம் சத்தம் வரும், அவ்வளவுதான்."
உள்பாடியைப் பற்றி அவளும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் மரத்துக்குப் போன பிறகு
கட்டிலில் உட்கார்ந்து தொடங்கினேன்.
ஜாக்கெட் கையின் வாயைத் தொடையில் விரித்து
கிணற்றில் வாளி இறக்குவதுபோல்
இடதை இறக்கினேன்.
விரல்கள் மடங்கி உள்ளே மாட்டிக்கொண்டன.
திட்டினேன்.
ஜெபித்தேன்.
பிறகும் திட்டினேன்.
கோலின் கொக்கி துணியைக் கவ்வித் தோளுக்கு ஏற்றியது,
கழுத்துக்குப் பின்னால் ஒரு தடவை நழுவியது,
இரண்டு தடவை நழுவியது,
அப்புறம் வலது தன் வழியைத் தானே கண்டுபிடித்தது.
வெல்க்ரோ ஒட்டியது.
ஐம்பத்திரண்டு நிமிடம்.
சேலைக்குத் தனியாக முப்பது.

கைகளைக் கழுவிக்கொண்டே உள்ளே வந்தவர்
வாசலில் நின்றுவிட்டார்.
ஈரக் கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவருக்கு.
கைலியில் துடைத்தார்.
துடைத்ததையே துடைத்தார்.
"செரி, போவோம்" என்றார்.

திருவட்டாறு தாண்டியதும்
பின் சீட்டுக்காரி குனிந்து
காதருகே சொன்னாள்:
"அக்கா, ஜாக்கெட்டு உள்புறம் வெளியே கெடக்கு, கேட்டியளா."
பார்த்தேன்.
தோளோரம் தையல் முழுக்க வெளியே,
நூல் பிசிறும் ஃப்ளோரியின் நீலச் சாக்குக் கோடும்.
ஹூக்காக இருந்தால் மாட்டியிருக்காது.
வெல்க்ரோவுக்கு உள்ளும் புறமும் ஒன்றுதான்.

அவர் ஜன்னலுக்கு வெளியே மரம் எண்ணிக்கொண்டிருந்தார்.
"பாத்தியளா?"
"பாத்தேன்."
"பின்னே சொல்லலியே?"
"சொன்னா நீ களட்டணும்.
அப்புறம் இடது கடைசி, பின்னே இடது முதல்ல...
பஸ்ஸு போயிருக்கும்."

எனக்கு முகத்தில் பாதிதான் சிரிக்கும்.
அந்தப் பாதி, டிரைவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தது.

முந்தானையை இழுத்து
என் தோளை மூட வந்தது அவர் கை.
இருக்கட்டும் என்றேன்.
தக்கலை வந்தது.