காரணம் என்ற கட்டம்

விரல் நுனியில் ஒரு கடுகளவு சிவப்பு.
அவ்வளவுதான்.
கும்பிளா வெட்டும்போது இதைவிட ஆழமாய்க் கிழித்திருக்கிறேன்.
கெளுத்தி முள் ஏறி
இரண்டு நாள் கை வீங்கிக் கிடந்திருக்கிறேன்.
அதற்கெல்லாம் படிவம் இல்லை.

ஒன்பதாம் வாட்டின் அழுக்குத் துணி மூட்டை.
முடிச்சை அவிழ்த்து விரிப்பை உதறினேன்.
மடிப்புக்குள் ஓர் ஊசி
மூடியில்லாமல் இருந்தது.
கிளவுஸ் போட்டிருந்தாயா என்று
பிறகு ஐந்து பேர் கேட்டார்கள்.
போட்டிருந்தேன்.
கிளவுசையும் சேர்த்துத்தான் குத்தியது.

குழாயடி. சவர்க்காரம்.
பிழியாதே, பிழியாதே, தண்ணியை ஓடவிடு என்று
ஓடி வந்தாள் பஸ்மிலா மிஸ்ஸி.
மூதூரிலிருந்து முதல் பஸ் பிடித்தவள்,
இன்னும் தேத்தண்ணி குடிக்கவில்லை.
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
மருந்து இண்டைக்கே தொடங்க வேணும் என்றாள்.
குரல் நிதானமாய் இருந்தது.
விரல்கள்தான் நடுங்கின.

யாருடைய இரத்தம்?
மூட்டைக்குள் இருபத்தாறு கட்டில்கள்
ஒன்றாய்ச் சுருண்டு கிடந்தன.

இருபத்தெட்டு நாள் குளிசை.
நாக்கில் துருப்பிடித்த ஆணி.
சோற்றைக் கண்டால் வயிறு புரண்டது.
பாலையூற்றில், வீட்டில்,
சின்னவன் நான் கடித்த மாங்காயைக் கேட்டான்.
எச்சிலால் வராது என்று மிஸ்ஸி மூன்று தரம் சொல்லியிருந்தாள்.
தெரியும்.
தெரிந்துகொண்டே
வேறொன்று வெட்டிக் கொடுத்தேன்.
உப்புத் தூள் போட்டு, நிறையப் போட்டு.

படிவத்தை மாடியில் வைத்திருந்தார்கள்.
பெயர்: ஜெயறூபி.
பதவி: சிற்றூழியர், சலவைப் பகுதி.
காரணம் என்ற கட்டத்தில்
கந்தளாயிலிருந்து வரும் ரணதுங்க மாத்தையா
ஏற்கெனவே பென்சிலால் எழுதியிருந்தார்:
ஊழியரின் கவனயீனம்.
கெட்ட மனிசனில்லை.
போன படிவத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்.
அதற்கு முந்தியதிலும் அதுதான் இருந்திருக்கும்.
கீழே ஒப்பம் மட்டும் போடுங்க தங்கச்சி.

அழிரப்பர் இருக்கா என்று கேட்டேன்.

எழுதினேன்.
மஞ்சள் பெட்டி பத்து நாளாய் இல்லை.
பதிலுக்கு வைத்த சேலைன் மட்டைப்பெட்டி
அடி நனைந்து பிரிந்துபோனது.
இரவில் அறுபது நோயாளிக்கு ஒரு மிஸ்ஸி.
கட்டம் முடிந்துவிட்டது.
ஓரத்தில், தாளைத் திருப்பிப் பிடித்து,
சரிவாய் எழுதினேன்.

ஊசி யார் கையிலிருந்து விழுந்தது என்று
எனக்குத் தெரியும்.
மத்தியானம் சலவை அறை வாசலில்
அந்தப் பயிற்சி டொக்டர் வந்து நின்றான்.
மீசை சரியாய் முளைக்காத முகம்.
நான்தான் அக்கா என்றான்.
மூன்றாம் கட்டிலா நாலாம் கட்டிலா,
அது ஞாபகமில்லை.
முப்பத்தொரு மணித்தியாலம் நித்திரையில்லை என்றான்,
சாட்டாகச் சொல்லவில்லை,
நேரம் கேட்டவனுக்கு நேரம் சொல்வதுபோல.
எனக்குக் கோபம் வந்தது.
வந்து, நிற்க இடமில்லாமல் நின்றது.
ஈர விரிப்பின் மறுமுனையை அவனிடம் நீட்டினேன்.
பிடித்தான். மடிக்கத் தெரியவில்லை.

அவன் பெயரை எழுதவில்லை.
அந்த முப்பத்தொன்றை எழுதினேன்.

வேலை முடிந்து போகையில்
பஸ் நிலையத்தடியில் மான்கள்
குப்பைப் பையைக் கிழித்து மென்றுகொண்டிருந்தன.
வெளியூர்க்காரர் படமெடுத்தார்கள்.
நான் பையின் நிறத்தைப் பார்த்தேன்.
இப்போதெல்லாம் எந்தப் பையையும்
நிறம் பார்க்காமல் கடப்பதில்லை.

ஆறாம் கிழமை இரத்தம் எடுத்தார்கள்.
ஒன்றுமில்லை என்றார்கள்.
மூன்று மாதத்தில் இன்னொரு தரம்.
இன்னும் நாற்பத்தொரு நாள் இருக்கிறது.

மஞ்சள் பெட்டி வந்துவிட்டது.
இரண்டு.
வாட்டுகள் பதினொன்று.

துறைமுகப் பக்கமிருந்து காற்று
கொடியில் விரிப்புகளை உப்பவைக்கிறது.
அடுத்த மூட்டையை இழுத்து
அவிழ்க்குமுன்
ஒரு கம்பால் தட்டுகிறேன்,
பாம்புப் பற்றையைத் தட்டுவதுபோல.
ஒரு தரம். இன்னொரு தரம்.
காது கொடுத்துக் கேட்கிறேன்.