மைனர் அவனிவிடங்கன், காப்பாளர் தாயார்

ஐம்பத்தொரு நாள் இருந்தான்.
பால்மணம் மாறாததை எரிப்பதில்லை எங்களில்.
வெட்டாற்றுப் படுகையில் நாணல் விட்ட இடமாகப் பார்த்து
பக்கிரி குழி வெட்டினான்.
கூலி அரை மரக்கால் நெல்.
கொல்லையில் அளக்கும்போது ஜன்னலில் நின்றிருந்தேன்.
வீட்டில் மரக்கால் இரண்டு என்பது
அன்றுதான் தெரியும் எனக்கு:
வாங்கப் பெரியது, கொடுக்கச் சின்னது.

புரட்சி என்று பேப்பரில் எழுதினார்கள்.
எங்கள் வீட்டுக்குள் அது சத்தமாக வரவில்லை.
முதலில் 'ஆண்டே' என்ற சொல் குறைந்தது.
படலுக்கு வெளியே நின்று 'ஐயா' என்றார்கள்.
ஒரு தை மாதம் அதுவும் இல்லாமல்
'சர்க்கார் முத்திரை மரக்கால் கொண்டாங்க' என்றார்கள்.
மாமனார் சோற்றில் மோரை விட்டுக்கொண்டே
'மழை வருமோ' என்றார்.

அந்த வருஷம் அறுப்புக்கு ஆள் இறங்கவில்லை.
சம்பா பதினேழு நாள் சாய்ந்து கிடந்து
கதிரிலேயே முளைத்தது.
அந்தப் புளித்த வாடை கூடம்வரை வந்தது.
சாம்பிராணி போட்டோம்.
பிளைமவுத் காருக்குள்ளேகூடப் போட்டோம்.

பிறகு 'உச்சவரம்பு' என்றொரு சொல்
மேஜைமேல் வந்து உட்கார்ந்தது.
கணக்குப்பிள்ளை தாண்டவராயர்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஆள் எண்ணினார்.
நாத்தனார்கள் மூவர், அவர்கள் மாமியார்கள்,
டிரைவர், பரிசாரகர்,
காசிக்குப் போய்த் திரும்பாத சித்தப்பா.
நிலத்துக்குப் பஞ்சமில்லை, பேருக்குத்தான் பஞ்சம்.

விளக்கு வைத்த நேரம், என் புருஷன்
பேனா மூடியைக் கழற்றிப் பத்திரத்தை முன்னால் வைத்தார்.
'மைனர் அவனிவிடங்கன், காப்பாளர் தாயார் திலகவதி.'
வாய்விட்டுச் சொல்லாமல் நான் வைத்திருந்த பேர்
எவனோ ஒரு பத்திர எழுத்தர் கையில் கிடந்தது.
'ங்'குக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது.
அதை வைத்துவிட்டுத்தான்
கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் அவன் வளர்ந்தான்.
ஐந்து வேலி நஞ்சை, தென்னந்தோப்பில் பாதி.
மாசிக்கு மாசி கிஸ்தி கட்டினான்,
சொசைட்டியில் உரம் எடுத்தான்,
அடங்கலில் குறுவை போட்டான், ஒரு வருஷம் தாளடியும்.
ரசீதுகளை நான் கூறைப்புடவைக்கு அடியில் சேர்த்தேன்,
வகுப்பில் பிள்ளை வாங்கிய மார்க்கு மாதிரி.
பாவம்தான். சந்தோஷமாகவும் இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி சின்ன வயசு.
கூடத்து நாற்காலி வேண்டாமென்று
வீட்டை ஒட்டிய களத்தில் பெஞ்சு போடச் சொன்னார்.
சுற்றிச் சங்கத்து ஆட்கள். முன்னால் பக்கிரி,
தலை நரைத்து, துண்டு இடுப்பில் இல்லாமல் தோளில்.
'அவனிவிடங்கன், வயசு பதினைந்து. கூப்பிடுங்கள்.'
'மெட்ராசில் படிக்கிறான்' என்றார் மாமனார்.
குரல் பிசகவில்லை.
அப்படிச் சொன்னபோது எனக்கே
ஒரு ஹாஸ்டல் கட்டில் தெரிந்தது, அதன்கீழ் ஒரு டிரங்குப் பெட்டி.

பக்கிரி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.
சொல்லவில்லை.
நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான்.
அன்று குழியை மூடிய பிறகு
நரி தோண்டாமலிருக்கக் கருவை முள் வெட்டி அடுக்கியவன்;
அதற்குக் கூலி கேட்டதாகக் கணக்கில் இல்லை.

ஜன்னலிலிருந்து களத்துக்கு முப்பத்தாறு எட்டு.
போகும்போது எண்ணவில்லை, பிற்பாடு ஒருநாள் எண்ணினேன்.
'பிள்ளை ஊரில்தான் இருக்கிறான்' என்றேன்.
'வாங்க, காட்டுகிறேன்.'
மாமனார் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.
கல்யாணமாகி வந்த நாளாய் முதல் தடவை.

வரப்பில் வரிசையாகப் போனோம்,
அதிகாரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.
இரண்டு பக்கமும் என் பிள்ளையின் நடவு.
படுகை வந்ததும் நின்றுவிட்டேன்.
எங்கே பார்த்தாலும் நாணல்.
பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லை;
எந்த இடமென்று எனக்குத் தெரியாது.

பக்கிரி என்னைத் தாண்டி முன்னால் போனான்.