எடைமேடை

தேன்கனிக்கோட்டை சாலையில் என் எடைமேடை.
தைலமர லாரி ஏறினால்
இரும்பு ஒருமுறை முனகும்.

வெட்டின மறுநாளே ஏற்றி வந்துவிட்டாள் கெம்பம்மா.
நாள் தள்ளினால் நட்டம்.
உரித்த கட்டை வெயிலில் சும்மா கிடந்தே
டன் கணக்கில் இளைத்துவிடும்.

லாரி போக, பதினாறு டன் நானூறு.
சீட்டை நீட்டினேன்.

"காஞ்சா எவ்வளவு நிக்கும்?"
பத்து, பத்தரை என்றேன் குத்துமதிப்பாக.
"மிச்சம் ஆறு டன்னு?"
தண்ணிதாம்மா.

எண்ணிக்கொண்டிருந்த நோட்டை
பாதியில் நிறுத்தினாள்.
போன மாசியில் அவள் போட்ட போரில்
எண்ணூறு அடிக்கும் புழுதிதான்.
தேடின தண்ணீர் இங்கே
சிவப்பு எண்ணாக எரிந்தது,
கிலோ ஐந்து ரூபாய்க்கு.

மரத்தைத் திட்டவில்லை.
மகளின் நர்சிங் ஃபீஸ் அதில்தான் கட்டினாள்.

கார்த்திகையில் அவள் காட்டுப் பக்கம் போனேன்.
ஓடையை ஒட்டின அடிக்கட்டைகளை மட்டும்
ஜேசிபி விட்டுத் தோண்டியிருந்தாள்,
வாடகைக்கு ஒரு கம்மலை வைத்து.
மேட்டில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை
மறுதாம்பு துளிர்த்து நிற்க
இடையில் கொள்ளு.
சருகைக்கூட எரிக்கவில்லை.

ஓடை இன்னும் வறண்டுதான்.
ஒரு நண்டு வளையின் வாயில் மட்டும்
புது மண்,
ஈரமாக.