இடையே

தகரத்தில் வெட்டிய அச்சு எண்கள் ஒன்பது உண்டு என்னிடம்.
ஆறைத் தலைகீழாய்ப் பிடித்தால் ஒன்பது வந்துவிடும்,
பத்தாவது அச்சு தண்டம்.
காண்டிராக்டர் கணக்கு அது. நல்ல கணக்கு.

பள்ளியாடியிலிருந்து இரணியல் நோக்கி
கம்பம் கம்பமாக நடக்கிறேன்.
முதலில் மஞ்சள் பட்டை. அது உலர ஒரு பீடி. பிறகு கறுப்பு.
மேலே கிலோமீட்டர், கீழே கம்பத்தின் முறை:
நாற்பத்தேழு, அதன் அடியில் ஒன்று.
நாற்பத்தேழு, அதன் அடியில் இரண்டு.
பூஜ்யம் எங்கே நிற்கிறதென்று
நான் போய்ப் பார்த்ததில்லை.

ஊர்ப்பெயர் பயணிகளுக்காகத்தான்.
தண்டவாளம் விண்டால், மழையில் செம்மண் சரிந்தால்
கீமேன் சுந்தர்சிங் போனில் ஊர் சொல்வதில்லை,
"நாப்பத்தேழு பை அஞ்சு" என்பார்,
ஆள் வந்து நிற்பார்கள்.

பெட்டிக்கும் விலாவில் எண் உண்டு.
முதல் இரண்டும் பிறந்த வருஷம்.
கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய பெருக்கல் குறி:
அதைப் பார்த்தால்
வண்டி முழுசாய்ப் போயிற்று,
வழியில் எதுவும் விடுபடவில்லை என்று அர்த்தம்.

இரட்டைப்பாதை போட்டார்கள்.
ஏற்கெனவே நின்ற கம்பங்கள் வேளிமலைப் பக்கம்,
அவற்றுக்கு இனி ஒற்றைப்படை.
கடல் பக்கம் புதிதாய் நட்டவைக்கு இரட்டைப்படை.
பழைய எண்மேல் மஞ்சளை இரண்டு கை பூசிக்கொண்டிருந்தேன்.

லில்லிபாய் அப்போதுதான் வந்தார்.
ரப்பர் வெட்டிவிட்டு நேரே வந்திருக்க வேண்டும்,
முழங்கை வரை பால் காய்ந்திருந்தது.
நாலாய் மடித்த தாள். போலீஸ் எழுத்து:
கி.மீ. 47/7-க்கும் 47/8-க்கும் இடையே
சுமார் பத்தொன்பது வயது மதிக்கத்தக்க ஆண்.

"மதிக்கத்தக்க ஆணுன்னு போட்டிருக்கு, பாத்தியளா?" என்றார்.
பார்த்தேன் என்றேன்.

"வருசத்துக்கு ஒருக்க வருவேன்.
ஏழு இஞ்ச நின்னுது, எட்டு அஞ்ச நின்னுது,
நடுவுல நிப்பேன்.
இப்ப ரெண்டும் எங்க?"

ஏழு பின்னால் போயிருந்தது, மரச்சீனி விளையோரம்.
எட்டு அதன் எதிர்ப்பக்கம்.
நடுவில் இரண்டு பாதை, நாலு தண்டவாளம்.
இடையே என்றால் இப்போது குறுக்கே.

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன்.
இரட்டித்து ஒன்றைக் கழிக்க வேண்டும்:
ஏழு பதிமூன்று ஆகும், எட்டு பதினைந்து.
"கம்பம் அனங்கல்லே அம்மா, எண்ணுதான் மாறிச்சு"
என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"பதிமூணா?" என்றார்.
கொஞ்சம் கழித்து, "அப்ப தாளையும் மாத்துவாவளா?"
தாளை யாரும் மாற்றமாட்டார்கள் என்றேன்.

கன்னியாகுமரிக்குப் போகும் வண்டி ஒன்று வந்தது.
ஒதுங்கி நின்றோம்.
பழக்கதோஷம், விலா எண்களை வாசித்தேன்:
ஒரு பெட்டியில் 04.
உங்கள் மகன் எந்த வருஷம் என்று
கேட்காமல் இருந்திருக்கலாம்.
பெருக்கல் குறி எங்களைக் கடந்து
வளைவில் சின்னதாகி மறைந்தது.
ஷிபின் என்று பெயரை அவராகவே சொன்னார்.

பதிமூன்றின் காங்கிரீட் அடியில்,
புல் மூடுகிற உயரத்தில்
ஏழு அச்சை வைத்துக் கறுப்பைத் தட்டினேன்.
பதினைந்துக்குப் போய் எட்டை எடுக்கும்போது
சூப்பர்வைசரின் பைக் சத்தம்.
அச்சைப் பையில் போட்டேன்.

எட்டு இன்றுவரை இல்லை.
"கெடக்கட்டும், ஏழுலருந்து எண்ணிக்கிடுவேன்" என்றார்.
எண்ணிப் பார்த்தோம், ஜல்லியில் தடுமாறி.
என் நடையில் எழுபத்தைந்து.
அவர் நடையில் தொண்ணூறு.