உப்பின் அளவு

கலாமாவில் வியாழக்கிழமை
காலை எட்டுக்கு எடுக்க வேண்டிய ரத்தம் இது.
முந்தின இரவு மாத்திரை விழுங்கிப்
பன்னிரண்டு மணி நேரம் ஆன ரத்தம்.
எலியோதோரோ தெஹெரினா
இரவு பஸ்ஸில் வந்து ஆறரைக்கே
பூட்டிய கதவில் சாய்ந்து நிற்பார்.

இடது கை. நல்ல நரம்பு.
ரப்பர் பட்டையைக் கட்டுவதற்குள் தொடங்கிவிடுவார்:
"இதே சரக்குதான் சிஸ்டர்,
பத்தொன்பது வருஷம் நான் லாரியில் ஏற்றியது.
பூமிக்கடியிலிருந்து தண்ணியாய் உறிஞ்சி
மஞ்சள் குளம், பச்சைக் குளம் என்று வெயிலில் காயவிட்டு
துறைமுகம் வரை கொண்டுபோய் விட்டேன்.
கப்பலேறிப் போனது
சட்டை மாற்றிக்கொண்டு
டப்பாவில் திரும்பி வந்திருக்கிறது."
ஒவ்வொரு முறையும் இதே பேச்சு.
ஒவ்வொரு முறையும் நான் ஊசி குத்துவது
'சட்டை' என்ற சொல்லில்.

பத்து மணிக்கு
டாக்டர் ஹிமேனா உர்ரெஹோலா
அந்தோஃபகாஸ்தாவிலிருந்து வந்த ஆறு மாணவர்களை
அரைவட்டமாய் உட்காரவைத்தாள்.
நடுவில் அவருக்கு ஒரு நாற்காலி.
ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார்.
விரல்களைப் பாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.
எல்லாரும் பார்த்தார்கள்.

"அந்த ஜனவரியில்
தூக்கம் கடன் வாங்கியவனைப் போல
என்னைக் கண்டாலே ஒளிந்துகொண்டது.
ஒன்பது நாள்.
உப்புவெளி மொத்தமும் என் பெயரில் இருந்தது.
வண்டியை விற்றேன்.
பதினொரு ஃப்ரிட்ஜ் வாங்கினேன்.
எங்கள் ஊரில் பதினொரு வீடு.
கரண்ட் மாலை ஆறிலிருந்து பத்து வரை."

ஒருவன் சிரித்துவிட்டான்.
பக்கத்திலிருந்தவள் முழங்கையால் இடித்தாள்.
"சிரிக்கலாம் தம்பி,
நானும் சிரித்துக்கொண்டேதான் இறக்கினேன்."

பிறகு மே மாதம்.
அதற்கு அவரிடம் கதை இல்லை.
"பத்து வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
என் முற்றத்தில் நின்றன.
மழை தெரியாத ஊர்,
அட்டைப்பெட்டிகூட நனைந்து கெடவில்லை"
என்றவர்
வெகுநேரம் தரையைப் பார்த்தார்.
யாரோ பேனா மூடியைத் திறந்து மூடினார்கள்.

சிரித்தவன்தான் மெல்லக் கேட்டான்:
"ஜனவரியைப் 'பரவச நிலை' என்று எழுதிக்கொள்ளலாமா?"
"எழுதிக்கொள்.
அதற்குக் கீழே இதையும் எழுது:
தொமிதிலா வீட்டு ஃப்ரிட்ஜ் இன்னும் ஓடுகிறது.
ஆட்டுப்பால் சீஸ் வைக்கிறாள்.
கேட்டாலும் தரமாட்டேன் என்கிறாள்."

ஆய்வுப் படிவத்தில் இருபத்தொரு கேள்வி.
தூக்கம், பேச்சு வேகம், செலவு, பசி,
வாழ விருப்பம்,
எல்லாவற்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை.
தொமிதிலாவுக்குக் கட்டம் இல்லை.
டாக்டர் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கினாள்.
பென்சில் எழுத்தைக் கணினியில் ஏற்ற வேண்டாம் என்பது விதி.
ஏற்றுவது நான்.
'பிற' என்ற இடத்தில் ஏற்றினேன்.
சீஸையும் விடவில்லை.

மதியம் முடிவு வந்தது.
போன மாதம் பூஜ்யம் புள்ளி ஏழு,
இப்போது ஒன்று புள்ளி ஒன்று.
"மாத்திரையைக் கூட்டிப் போட்டீர்களா?"
"இல்லை."
"தண்ணீர் குடிக்கிறீர்களா?"
பதில் சொல்லக் கொஞ்சம் வெட்கப்பட்டார்.
ஊருக்குத் தண்ணீர் லாரி வந்து எட்டு நாளாகிறதாம்.
"நாங்கள் உறிஞ்சியது
மிச்சமில்லை போலிருக்கிறது, சிஸ்டர்."

டாக்டர் அரை மாத்திரையைக் குறைத்தாள்,
திங்கட்கிழமை மறுபடி ரத்தம் என்றாள்,
ஊராட்சிக்கு ஃபோன் போட்டுக் கத்தினாள்.
நான் கண்ணாடி டம்ளரை நிரப்பிக் கொடுத்தேன்.
பல்லில் பட்டு அது
கிணிகிணியென்றது.
காலியானதும் நீட்டினார்.
மறுபடி நிரப்பினேன்.