பாகம் 143, வரிசை எண் 612

கெய்சர் வீதி, மூன்றாம் மாடி.
சூரத்திலிருந்து வந்த சேலைப் பொதிகளுக்கு நடுவே
காற்றாடி சுற்றுகிறது, காற்று வருவதில்லை.
இருபத்தோரு வருடமாக இங்கே கணக்கு எழுதுகிறேன்.
வருடா வருடம் வரிசையில் நின்று விசாவைப் புதுப்பிக்கிறேன்.
செங்கரைநத்தம் சட்டமன்றத் தொகுதியில்
என் பெயரை யாரும் புதுப்பிப்பதில்லை.
ஊரணிப் பாசி மாதிரி
அது தானாகவே கிடக்கிறது.

எனக்கு மேலே, 611இல், அப்பா.
போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம்.
நீக்கச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்தேன்,
கடைசி முறை
இறப்புச் சான்றிதழை லேமினேட் செய்து.
புதுப் பட்டியல் வந்தது.
அப்பாவின் வயதில் ஒன்று கூடியிருந்தது.

பங்குனிக் கடைசியில் பூமிராஜன் கூப்பிட்டான்.
"மதுரைக்கு டிக்கெட் போட்டுட்டோம்ணே,
இறங்குனதும் வண்டி நிக்கும்.
இந்தத் தடவ ஒவ்வொரு ஓட்டும் கணக்கு."
தெருவைச் சாதியாக எண்ணி,
சாதியை உறையாக எண்ணி,
உறையில் ஐந்நூறாக எண்ணி வைத்திருந்தான்.
என்னைவிட நல்ல கணக்கன்.

முதலாளி விடவில்லை.
சித்திரை வியாபாரம்;
கடைக்குள் கால் வைக்க இடமில்லை.
தெருவில் லொறிக்கும் லொறிக்கும் இடையே
பொதியைத் தலையில் வைத்து ஓடி வருகிறார்
நாட்டாமை செபமாலை.
எங்கள் பக்கம் நாட்டாமை துண்டை உதறினால்
அறுபது வீட்டு ஓட்டு ஒரு பக்கம் சாயும்.
இங்கே நாட்டாமை என்றால்
மூட்டை தூக்குகிறவர்.
இதை அவரிடம் சொன்னபோது
பிளேன்டி புரையேறச் சிரித்தார்.

வாக்குப்பதிவு அன்று இரவு
பில் புத்தகத்தை மூடிவிட்டு அழைத்தேன்.
"கவலைப்படாதீங்கண்ணே,
உங்க ஓட்டு பத்திரமா விழுந்துருச்சு.
காலைல ஏழேகாலுக்கே வந்துட்டீங்க."
நானா?
"நீங்களும் அப்பாவும். ஒண்ணாத்தான் வந்தீங்க."

அப்பா சாகும்வரை மண்வெட்டிக்குப் போட்டவர்.
நான் பம்புசெட்டுக்குப் போட்டேன் என்று தெரிந்த வருடம்
என் தட்டில் சோறு வைக்க வேண்டாம் என்றவர்.
ஒரே வரிசையில்,
முன்னால் அவர், பின்னால் நான்,
பேசிக்கொண்டோமா,
வெயிலுக்கு முன்னே வீடு திரும்பினோமா?

"யாருக்குப்பா போட்டேன்?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு,
"அதெல்லாம் சொல்லக் கூடாதுண்ணே.
ரகசிய வாக்கெடுப்பு."

முடிவு வந்தது வைகாசி பிறக்கும் முன்.
முப்பத்தேழு ஓட்டு வித்தியாசம்.
தொலைபேசித் திரையில் மாலையும் வெடியும்,
ஜீப்பின் மேல் ஏறி நின்று
கும்பிட்ட கையை இறக்காத ஒரு மனிதர்.
நான் ஜெயிக்க வைத்திருக்கலாம்.
தோற்க வைக்கப் பார்த்து முடியாமலும் போயிருக்கலாம்.
முப்பத்தேழில் இரண்டு நாங்கள் என்றால்
மீதி முப்பத்தைந்து பேர்
மஸ்கட்டில், திருப்பூரில், சுடுகாட்டில்
இதே நேரத்தில் செய்தி பார்க்கிறார்களா?

அதே வாரம் இங்கே மாநகர சபைத் தேர்தல்.
கதவு, தூண், குப்பைத் தொட்டி எங்கும் முகங்கள்.
எனக்கு ஓட்டில்லாத ஊர்,
ஆனாலும் எல்லா முகமும் என்னைப் பார்த்தே சிரித்தன.
செபமாலை மத்தியானம் தாமதமாக வந்தார்.
இடது சின்னி விரலில் மை.
எங்கள் ஊரில் ஆள்காட்டி விரல் என்றேன்.
"இங்க ஆரையும் காட்ட ஏலாது, அதுதான்" என்றார்.
யாருக்குப் போட்டீர்கள்?
"தோட்டத்துப் பைப்பில தண்ணி வரும் எண்டவனுக்கு."
வந்ததா?
"நேத்து வந்திச்சு.
நாளைக்குப் பாப்பம்."
குனிந்து அடுத்த பொதிக்குத் தோள் கொடுத்தார்.

கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பினேன்.
இடது ஆள்காட்டி விரலில், நகத்தோரம்,
நீலமாக ஒரு கோடு.
ஒரு நொடி நெஞ்சு திக்கென்றது.

கார்பன் தாள்.
சோப்புப் போட்டதும் போய்விட்டது.